குழந்தைக்கு கீமோ நடக்கும்போது வீட்டை நடத்துவது எப்படி: சேலம், ஏற்காடு குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து, முதல் கீமோவும் தொடங்கி, "கொஞ்ச நாள் வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்று டாக்டர் சொல்லியிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். குழந்தைகளுக்கு அதிகம் வருவது ஏ.எல்.எல். என்ற வகை லுகேமியா. அதை வைத்தே இங்கே சொல்லியிருக்கிறேன். வேறு வகைக் கட்டியாக இருந்தால் மருந்தும் கால அளவும் மாறும். வீட்டு ஏற்பாடுகள் பெரும்பாலும் இவைதான்.

எங்கள் வீட்டில் இந்தச் சிகிச்சை முழுவதும் நடந்து முடிந்தது. அதற்குப் பிறகு வார்டுக்குப் புதிதாக வரும் நம் பக்கத்துப் பெற்றோருடன் உட்கார்ந்து பேசி வருகிறேன். அநேகமாக எல்லோரும் முதலில் கேட்பது பணத்தைப் பற்றி. அடுத்து, என்ன சாப்பாடு கொடுக்கலாம் என்று. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் வீட்டுக்குள் நுழையும் அன்றே தயாராக இருக்க வேண்டியது காய்ச்சலுக்கான ஏற்பாடு. மற்றதெல்லாம் ஒரு வாரம் தள்ளிப்போனால் சமாளிக்கலாம், இது ஓர் இரவுகூடத் தள்ளிப்போகக் கூடாது. அதனால் இதே வரிசையில் செய்யுங்கள்.

மருந்து, அளவு, உணவுக் கட்டுப்பாடு என்று வரும்போது உங்கள் டாக்டர் சொல்வது இங்கே உள்ளதற்கு மாறாக இருந்தால், அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

1. வார்டை விட்டு இறங்கும் முன்

டிஸ்சார்ஜ் அன்று எல்லோருக்கும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். வேண்டிய தாள்கள் அப்போதுதான் விட்டுப்போகின்றன. முந்தின நாளே நர்ஸிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி, அடுத்த கீமோ தேதிகள் உள்ள அட்டவணை, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவை வேண்டும். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்ணையும், இரவிலும் அந்த எண்ணை எடுப்பார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பகல் நேர ஓ.பி. எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போய், நடு இரவில் மணி அடித்துக்கொண்டே இருப்பதைக் கேட்டுத் தவித்தவர்கள் நிறைய.

அப்புறம், டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். குழந்தையின் நோய், கடைசியாக எந்தக் கீமோ எந்தத் தேதியில் போட்டார்கள், எந்த மருந்துக்கு ஒவ்வாமை, காய்ச்சல் வந்தால் என்ன பரிசோதனை, எந்த ஆன்டிபயாடிக், யாரைக் கூப்பிட வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். சிகிச்சை சென்னையிலோ வேலூரிலோ நடந்தாலும், காய்ச்சல் வரும் இரவில் நீங்கள் இருக்கப்போவது சேலத்தில். அங்கே டியூட்டியில் இருக்கும் டாக்டர் உங்கள் குழந்தையை முதல்முறையாகப் பார்ப்பார். தடித்த ஃபைலைப் புரட்ட அவருக்கு நேரம் இருக்காது. அந்த ஒரு பக்கம்தான் உங்களுக்காகப் பேசும். கீமோ மாறும்போதெல்லாம் அதையும் புதுப்பித்து வாங்குங்கள்.

எல்லாத் தாள்களையும் படம் எடுத்து அம்மா, அப்பா, இன்னொரு பெரியவர் ஆகிய மூவரின் போனிலும் வையுங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று பைக்கு. பாதரசத் தெர்மாமீட்டர் வேண்டாம், உடைந்தால் வேறு தொல்லை.

2. காய்ச்சல் திட்டம்

கீமோ புற்றுநோய் அணுக்களோடு சேர்த்து நல்ல வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். வார்டில் "கவுன்ட் இறங்கியிருக்கு" என்பது இதைத்தான். பெரும்பாலும் கீமோ போட்டு ஒன்று, இரண்டு வாரத்தில் மிகவும் கீழே போகும். கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் அணுக்கள் 500-க்குக் கீழே போய்விட்டால், புண் இருந்தாலும் சீழ் வைக்காது, தொண்டை கெட்டிருந்தாலும் சளி தெரியாது. காய்ச்சல் மட்டுமே ஒரே அடையாளமாக இருக்கலாம். கிருமி ரத்தத்தில் பரவினால் சில மணி நேரத்தில் குழந்தையின் நிலைமை மோசமாகிவிடும். அதனால்தான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தொடங்கிவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

எந்த அளவு காய்ச்சல்? ஒரே ஒரு முறை 101 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலும், 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலும் கிளம்ப வேண்டும் என்பது பல இடங்களில் உள்ள வழக்கம். உங்கள் டாக்டர் சொல்லும் எண் வேறாக இருக்கலாம். அக்குளில் வைத்துப் பார்ப்பதா, வாயிலா என்பதையும் கேட்டு, அந்த எண்ணைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பாட்டி மட்டும் வீட்டில் இருக்கும் நேரத்திலும் அது கண்ணில் பட வேண்டும்.

குழந்தை சூடாகத் தெரிந்தால் செய்ய வேண்டிய வரிசை இது. தெர்மாமீட்டர் வையுங்கள். அளவையும் நேரத்தையும் எழுதுங்கள். எண் தாண்டியிருந்தால் வார்டுக்குப் போன் செய்யுங்கள். பேசிக்கொண்டே கிளம்புங்கள். போன் கிடைக்கவில்லை என்பதற்காக வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

பாராசிட்டமால் சிரப்பை நீங்களாகக் கொடுக்காதீர்கள். காய்ச்சல் இறங்கிவிடும், கிருமி அப்படியே இருக்கும். "சரியாயிடுச்சு, காலைல பார்த்துக்கலாம்" என்று எல்லோரும் படுத்துவிடுவார்கள். புதிதாக வரும் குடும்பங்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான், மிக ஆபத்தானதும் இதுதான். தானாகவே காய்ச்சல் இறங்கினாலும் போயே ஆக வேண்டும்.

இரண்டாவது தவறு, தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு பார்ப்பது. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருக்கும் குழந்தைக்கு இடுப்பிலோ தொடையிலோ தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். ஆசனவாய் வழியாக மருந்து வைப்பது, அங்கே தெர்மாமீட்டர் வைப்பது, எனிமா கொடுப்பது ஆகியவையும் கூடாது. சிறு கீறல் போதும், கிருமி உள்ளே போக. இபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகை மருந்துகள் ரத்தக்கசிவைக் கூட்டும். அவசரத்தில் யார் தந்தாலும் "கீமோ குழந்தை, டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அவசர சிகிச்சைப் பிரிவில் வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டியது: "குழந்தைக்கு கீமோ நடக்குது, காய்ச்சல் வந்திருக்கு, கவுன்ட் குறைவா இருக்கலாம்." கடிதத்தையும் கையில் கொடுங்கள். வெறுமனே "காய்ச்சல்" என்று சொன்னால் வரிசையில்தான் உட்கார வைப்பார்கள். அங்கே இருமிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு நடுவில் இந்தக் குழந்தை காத்திருக்கக் கூடாது.

காய்ச்சல் இல்லாமலும் கிளம்ப வேண்டிய நேரங்கள் உண்டு. உடம்பு நடுங்குவது, குறிப்பாக லைனில் (மருந்து ஏற்ற நரம்பில் பொருத்திய குழாய்) மருந்து ஏற்றிய பிறகு குளிர் நடுக்கம் வருவது, கூப்பிட்டால் சரியாகக் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது, மூச்சு வாங்குவது, மூக்கிலோ ஈறிலோ ரத்தம் நிற்காமல் வருவது, தோலில் சிவப்புப் புள்ளிகள் புதிதாகத் தெரிவது. கீமோவோடு சேர்த்துத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாட்களில் காய்ச்சல் வெளியே தெரியாமல் போகலாம். அந்த நாட்களில் தெர்மாமீட்டரைவிட உங்கள் கண்ணை நம்புங்கள்.

சேலத்தில் எங்கே போவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். நகரின் நடுவில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தனியார் மருத்துவமனைகளும் உண்டு. இதில் எது உங்கள் குழந்தைக்குச் சரி என்று சிகிச்சை தரும் டாக்டரையே கேளுங்கள். பிறகு ஒரு பகலில் குழந்தை இல்லாமல் நேரில் போய், இரவில் எந்த வாசல் திறந்திருக்கும், குழந்தைகள் பிரிவு எந்த மாடி என்று பார்த்து வையுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108.

ஒரு பை எப்போதும் கட்டியே இருக்கட்டும். கடிதம், ஃபைல், தெர்மாமீட்டர், ஒரு நாள் மாத்திரை, மாற்றுத் துணி, சார்ஜர், கொஞ்சம் பணம், குழந்தைக்குப் பிடித்த ஒரு பொம்மை.

3. வீடு மலைமேல் இருந்தால்

ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இறங்க ஒரு மணி நேரம் ஆகும். சனி, ஞாயிறுகளிலும் மே மாதக் கோடை விழா சமயத்திலும் சுற்றுலா வண்டிகளால் இன்னும் நேரம் பிடிக்கும். உள்ளே தள்ளி நாகலூர், செம்மநத்தம் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு அதற்கு மேலும். காய்ச்சலுக்கு இருக்கும் கெடுவைப் பார்த்தால் இது அதிகம்.

அதனால் தீவிர கீமோ நடக்கும் முதல் மாதங்களில் மலையை விட்டு இறங்கி, ஒரு அறையாவது கீழே எடுத்துத் தங்குங்கள் என்றுதான் சொல்வேன். அஸ்தம்பட்டி, கோரிமேடு, கன்னங்குறிச்சி ஆகியவை மலைக்குப் போகும் பக்கமே இருப்பதால், மேலே இருப்பவர்கள் வந்துபோகவும் எளிது. வீடு முழுக்கக் குடிபெயர வேண்டியதில்லை. குழந்தையும் பெரியவர் இருவரும் இருந்தால் போதும். வாடகை சுமைதான், தெரியும். அறை கிடைக்கும் வரை உறவினர் வீட்டில் கேட்கத் தயங்காதீர்கள்.

இறங்கித் தங்கவே முடியாது என்றால், வண்டி வைத்திருக்கும் அக்கம்பக்கத்தார் இரண்டு பேரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒருவர் வெளியூர் போயிருந்தால் இன்னொருவர். இரவில் எழுப்புவோம் என்பதையும் சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து முதன்மைச் சாலை அடைபட்டால் குப்பனூர் வழியாக இறங்கலாம், ஓட்டுபவருக்கு அந்த வழி பழக்கமா என்று கேளுங்கள். வீட்டில் எந்த மூலையில் சிக்னல் கிடைக்கும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தோட்டத்து வீடுகளில் இன்னொன்று: எருக்குழி, கோழிக்கூடு, பூசணம் பிடித்த பழைய சாக்கு, காப்பித் தோல் குவியல் பக்கம் குழந்தை போகக் கூடாது. அங்கிருந்து பறக்கும் பூஞ்சை, கவுன்ட் குறைந்த குழந்தையின் நுரையீரலைத் தாக்கும்.

4. யார் என்ன செய்வது

அம்மா ஆஸ்பத்திரியில், அப்பா வேலையில், மற்றவர்கள் போனில் விசாரித்துக்கொண்டு. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது, கொஞ்ச நாளில் அம்மா படுத்துவிடுகிறார். முதல் வாரத்திலேயே உட்கார்ந்து வேலையைப் பெயர் சொல்லிப் பிரியுங்கள். ஒருவர் குழந்தையோடு, ஒருவர் வீட்டோடும் மற்ற பிள்ளைகளோடும், ஒருவர் காகித வேலை, ஒருவர் போன்.

குழந்தையோடு இருப்பவரை வாரத்தில் ஓரிரு இரவாவது மாற்றிவிடுங்கள். தூக்கமில்லாதவர் மாத்திரை எண்ணிக்கையில் தவறுவார். மாற்றிவிட வேண்டுமானால் அப்பாவுக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். "அதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்" என்பது இந்த வீட்டில் கூடாத பேச்சு.

போன் பொறுப்பாளர் சித்தப்பாவோ அத்தையோ யாராகவும் இருக்கலாம். விசாரிப்பவர்கள் எல்லோரும் அவரிடம் மட்டுமே பேசட்டும். ஒரே கதையை நாள் முழுக்கத் திரும்பச் சொல்வது அம்மாவை உள்ளே இருந்து அரித்துவிடும்.

ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியலும் அவரிடமே இருக்கட்டும். முதல் நாளே மாமா, சித்தப்பா, நண்பர்கள் எல்லோரும் கூட்டமாகப் போய்க் கொடுத்துவிடுகிறார்கள். ஆண்கள் மறுபடி கொடுக்க 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி வேண்டும். மூன்றாம் வாரம் தேவைப்படும்போது ஆள் இருக்காது. பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. எனவே வகை, போன் எண், கடைசியாகக் கொடுத்த தேதி மூன்றையும் எழுதி, ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள். எலும்பு மஜ்ஜை மாற்று பற்றி டாக்டர் பேச்செடுத்திருந்தால், ரத்த சொந்தங்கள் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வீட்டிலேயே வெள்ளிக் கொலுசுப் பட்டறையோ தறியோ வைத்திருப்பவர்கள், குழந்தை படுக்கும் இடத்தை அதிலிருந்து பிரித்துவிடுங்கள். ஆசிட் ஆவி, பற்றவைக்கும் புகை, பஞ்சுத் தூசி எதுவும் அந்த அறைக்கு வரக் கூடாது. இடம் சின்னது என்றால் வேலையை வேறு வீட்டுக்கு மாற்றப் பாருங்கள்.

5. காப்பீடு, ரயில் சலுகை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும்.

இங்கே சிறு குழந்தைகளின் பெற்றோர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் சேர்க்கப்பட்டிருக்காது, ஆதாரும் எடுத்திருக்க மாட்டார்கள். பிறப்புச் சான்றிதழை வைத்து முதலில் அவற்றை முடியுங்கள். எல்லாத் தாளிலும் பெயரும் இன்ஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அலைய வேண்டி வரும். காகிதப் பொறுப்பாளர் வார்டில் இருப்பவராக இருக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

எல்லாவற்றிலும் பத்துப் பத்து ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பயணச் செலவு, மருந்துச் செலவு பில்களை மாதவாரியாக ஒரு கவரில் போடுங்கள். உதவி கேட்டுப் போகும் இடங்களில் பில் கேட்பார்கள்.

வேலூருக்குப் போகிறவர்கள் காட்பாடியில் இறங்குவார்கள், சென்னைக்குப் போகிறவர்கள் இரவு ரயிலைப் பிடிப்பார்கள். புற்றுநோய் நோயாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, உடன் வருபவர் கால் பங்கு கொடுத்தால் போதும். இதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ரயில் நிலையக் கவுன்டரில் டிக்கெட் எடுக்க வேண்டும். அடுத்த தேதி தெரிந்த அன்றே படிவத்தையும் வாங்கிவிடுங்கள். கவுன்ட் குறைவான நாட்களில் நெரிசலான பெட்டியில் ஏற்றாதீர்கள்.

6. மாத்திரை

மாத்திரை கொடுப்பதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, மருந்து, அளவு, கொடுத்தவர் கையெழுத்து. கொடுத்த பிறகே கையெழுத்து. இல்லாவிட்டால் அம்மா ஒருமுறை, பாட்டி ஒருமுறை என்று இரண்டு தடவை போய்விடும்.

மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மாத்திரையைப் பெரும்பாலும் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கொடுக்கச் சொல்வார்கள். அதைத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. மெர்காப்டோபூரின் என்ற இன்னொரு கீமோ மாத்திரை தினமும். இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். வார மாத்திரைக்கு ஒரு கிழமையைக் குறித்து, மாதக் காலண்டரில் அந்தக் கிழமையை மட்டும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். கவுன்டைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பார்கள் என்பதால், ஒவ்வொரு ஓ.பி.யிலும் புது அளவைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

கொடுத்ததும் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கும் முன் வார்டைக் கேளுங்கள். ஸ்டீராய்டை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டாம், நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

கீமோ மாத்திரையைச் சமையலறை உரலில் நசுக்காதீர்கள். தனி மூடி, தனி ஸ்பூன், கையில் கையுறை. கர்ப்பமாக இருப்பவர் இந்த மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். கீமோ போட்டு இரண்டு நாள் வரை குழந்தையின் சிறுநீர், வாந்தி பட்ட துணியைக் கையுறையோடு தனியாக அலசுங்கள்.

நிலவேம்பு, பப்பாளி இலைச்சாறு, சித்த மருந்து என்று யாராவது கொண்டு வருவார்கள். அன்போடுதான் கொண்டு வருகிறார்கள். ஆனால் கீமோவே கல்லீரலுக்குப் பெரிய வேலை கொடுக்கிறது. அதன்மேல் இன்னொன்று சேர்ந்தால் எது எதனால் என்று டாக்டருக்குத் தெரியாமல் போகும். கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

7. சாப்பாடு

தனியாக அதிசய உணவு எதுவும் கிடையாது. அப்போதே சமைத்தது, சூடானது, வீட்டில் செய்தது. இவ்வளவுதான் விதி. ஆவியில் வெந்த இட்லி, குழையவைத்த சாதம், பருப்பு, நன்றாக வெந்த முட்டை. தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியது. பழம் என்றால் தடித்த தோல் உள்ளதைக் கழுவி, நீங்கள் உரித்துக் கொடுங்கள். மாம்பழமும் அப்படியே. தயிர் விஷயத்தில் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒரு மாதிரி சொல்லும், உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

தட்டுவடை செட்டுக்குக் குழந்தை அழும். சேலத்துப் பிள்ளைக்கு அந்த ஆசை இருக்கத்தானே செய்யும். ஆனால் அதில் பச்சையாகத் துருவிய கேரட், பீட்ரூட், திறந்து வைத்த சட்னி எல்லாம் இருக்கின்றன. வீட்டிலேயே தட்டுவடை சுட்டு, காயை வேகவைத்து, அப்போது அரைத்த சட்னி தடவிக் கொடுங்கள்.

வாய்ப்புண் வந்தால் காரம், புளிப்பு எதுவும் இறங்காது. ஜவ்வரிசிக் கஞ்சி நம் ஊரில் எளிது. ஆறவைத்துக் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் குடிக்கின்றன. ஒவ்வொரு முறை சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வையுங்கள், பிரஷ் மிக மென்மையாக இருக்கட்டும்.

ஸ்டீராய்டு வாரங்களில் நடு இரவில் எழுந்து சோறு கேட்பார்கள். கோபம் வரும், காரணமில்லாமல் அழுவார்கள், முகம் வீங்கும். குழந்தை கெட்டுப்போகவில்லை, மருந்தின் வேலை. மாவும் ஒரு கிண்ணம் பருப்பும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் சிப்ஸ், ஊறுகாய், அப்பளம் என்று உப்பைக் கூட்டாதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசிக்குப் பிறகு மலச்சிக்கலும் கால் வலியும் வரும். இரண்டு நாள் மலம் போகாவிட்டால் வார்டில் சொல்லி மருந்து கேளுங்கள்.

8. உறவினர், கோயில், அம்மை

பார்க்க வருபவர்கள் நம்மேல் உள்ள பாசத்தால் வருகிறார்கள். அவர்களைத் தடுப்பது சங்கடம்தான். வாசலிலேயே சோப்பும் தண்ணீரும் வைத்து, "கை கழுவிட்டு வாங்க, சளி இருந்தா அடுத்த வாரம் வாங்க" என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பெற்றோர் சொல்வதைவிடத் தாத்தா சொல்வது எடுபடும்.

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு நகரமே திரளும். அந்தக் கூட்டத்துக்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். வேண்டுதலைப் பெரியவர்கள் நிறைவேற்றலாம். தீர்த்தம் கொதிக்கவைக்காத தண்ணீர், குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், தலையில் தெளித்துவிடுங்கள். காதுகுத்துக்கு நாள் குறித்திருந்தால் தள்ளிப்போடுங்கள், பிளேட்லெட் குறைந்த நேரத்தில் ரத்தம் நிற்காது, துளை வழியாகக் கிருமி உள்ளே போகும். மொட்டையும் சவரக்கத்தியால் வேண்டாம். முடி கொட்டத் தொடங்கினால் கிளிப்பரால் வீட்டிலேயே ஒட்ட வெட்டிவிடுங்கள்.

அம்மை பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அம்மை போட்டால் வேப்பிலை கட்டி, மருந்து கொடுக்காமல், ஆத்தா இறங்கும்வரை காத்திருப்பது வழக்கம். கீமோ நடக்கும் குழந்தைக்குச் சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் நுரையீரலையும் மூளையையும் தாக்கலாம். வேப்பிலை கட்டுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள், ஆனால் அதே மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். தெருவிலோ பள்ளியிலோ அம்மை போட்ட ஒருவரோடு குழந்தை இருந்தது என்று தெரிந்தாலே அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். கொப்புளம் வரும் முன்பே தடுப்பு மருந்து கொடுக்க வழி உண்டு, அதற்குச் சில நாட்களே அவகாசம். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே சின்னம்மை தொற்றும் என்பதால், "அப்ப அவனுக்கு ஒண்ணும் இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள்.

போலியோ சொட்டு மருந்து நாளன்று வீடு தேடி வருவார்கள். அது உயிருள்ள கிருமியால் ஆனது. சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்குக் கூடாது. அதே வீட்டில் உள்ள அண்ணன், தங்கைக்கும் சொட்டு வேண்டாம், அவர்கள் மலம் வழியாக அந்தக் கிருமி வெளியே வரும். அவர்களுக்கு ஊசி வடிவப் போலியோ மருந்து உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

9. மற்ற பிள்ளைகள்

மூத்த பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, எதுவும் சொல்லாமல் மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை, தான் ஏதோ தவறு செய்ததால் அனுப்பிவிட்டார்கள் என்றோ, தான் அடித்ததால்தான் தம்பிக்கு இப்படி ஆனது என்றோ நினைத்துக்கொள்ளும். வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லுங்கள்: தம்பிக்கு ரத்தத்தில் ஒரு நோய், யாராலும் வரவில்லை, ஒட்டிக்கொள்ளாது, சரியாக நாள் ஆகும். தினமும் ஒரே நேரத்தில் வீடியோ கால் செய்யுங்கள். வாரத்தில் ஒரு வேளை அம்மாவோ அப்பாவோ அந்தப் பிள்ளையோடு மட்டும் இருக்க வேண்டும்.

"இது யார் வழி வந்தது" என்ற பேச்சு பெரியவர்களிடம் எழும். கர்ப்பத்தில் அம்மா சாப்பிட்டதாலோ, பால் கொடுத்ததாலோ, யாருடைய ஜாதகத்தாலோ இது வரவில்லை. முதல்முறை எழும்போதே அப்பா வாய் திறந்து அதை நிறுத்திவிட வேண்டும்.

10. குழந்தையிடம்

ஊசி இருக்கிறது என்றால் இருக்கிறது என்று சொல்லுங்கள். "சும்மா டாக்டர் மாமாவைப் பார்க்கப் போறோம்" என்று கூட்டிப்போய் முதுகு ஊசிக்குப் படுக்கவைத்தால், அடுத்த முறை ஆட்டோவைப் பார்த்தாலே அழும். மூன்று வயதுக் குழந்தைக்கு அன்று காலை சொன்னால் போதும், ஒரு வாரம் முன்பே சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை. வலிக்கும், அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன், முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். இந்த மூன்றைச் சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். "அடம் பிடிச்சா ஊசி போடச் சொல்லுவேன்" என்று யாரும் சொல்லக் கூடாது.

11. முதல் மாத ரிப்போர்ட்டுக்குப் பிறகு

ஏறக்குறைய ஒரு மாதத் தீவிர சிகிச்சை முடிந்ததும் எலும்பு மஜ்ஜையைப் பரிசோதிப்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குப் புற்றுநோய் அணு தெரியவில்லை என்று வரும். குழந்தையும் ஓடியாடும். கடனும் ஏறியிருக்கும். "அதான் சரியாயிடுச்சே, எதுக்கு இன்னும் விஷத்தை ஏத்தணும்" என்று வீட்டில் ஒருவர் கேட்பார். இந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டுப் போகும் குடும்பங்கள் உண்டு.

மைக்ரோஸ்கோப்பில் தெரியாத அளவுக்கு அணுக்கள் ஒளிந்திருக்கும். நிறுத்தினால் நோய் திரும்பும். திரும்பிய நோய்க்கு அதே மருந்து முன்போல வேலை செய்யாது. அதனால்தான் மொத்தச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டு வரை நீள்கிறது. பணமோ பயணமோ முடியவில்லை என்றால் வராமல் நின்றுவிடாதீர்கள். வார்டில் உள்ள சமூகப் பணியாளரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சில ரத்தப் பரிசோதனைகளையும் எளிய ஊசிகளையும் சேலத்திலேயே செய்துகொள்ள ஏற்பாடு கேட்கலாம். இதை நீங்கள் கேட்டால்தான் அவர்களுக்குத் தெரியும்.

12. மாத்திரை ஆண்டுகளும் பள்ளியும்

தீவிரக் கட்டம் முடிந்தால் பெரும்பாலும் வீட்டிலேயே மாத்திரை. முடி வளரும், மலைக்குத் திரும்பலாம், டாக்டர் சரி என்றால் அங்கன்வாடிக்கோ எல்.கே.ஜி.க்கோ அனுப்பலாம். வீட்டில் கவனம் தளரும் காலமும் இதுதான். சுவரில் ஒட்டிய காய்ச்சல் எண்ணைக் கிழிக்காதீர்கள், அந்த விதி கடைசி மாத்திரை வரை அப்படியே.

சேர்க்கும் முன் ஆசிரியரை நேரில் பாருங்கள். வகுப்பில் யாருக்காவது அம்மை என்றால் அன்றே போன் செய்ய வேண்டும், காய்ச்சல் தெரிந்தால் மாத்திரை கொடுக்காமல் உங்களைக் கூப்பிட வேண்டும், பள்ளியில் சொட்டு மருந்து, தடுப்பூசி முகாம் நடந்தால் உங்களைக் கேட்காமல் போடக் கூடாது. இந்த மூன்றையும் எழுதிக் கொடுங்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று டாக்டரிடம் ஒரு வரி வாங்கிக் கொடுத்தால் மற்றப் பெற்றோரின் பயமும் குறையும்.

சிகிச்சை முடிந்ததும் விட்டுப்போன தடுப்பூசிகளின் பட்டியலை டாக்டரிடம் காட்டுங்கள். வழக்கமாகச் சில மாத இடைவெளிக்குப் பிறகுதான் மறுபடி தொடங்குவார்கள், எது எப்போது என்று அவரே எழுதித் தருவார். ஃபைலைப் பரணில் போட்டுவிட வேண்டாம். எந்த மருந்து மொத்தம் எவ்வளவு ஏறியது என்ற சுருக்கத்தை ஒரு தாளில் வாங்கி அதோடு சேர்த்து வையுங்கள். சில கீமோ மருந்துகளுக்காக இதயத்தைப் பின்னாளிலும் பரிசோதிக்க வேண்டியிருக்கும், இருபது வயதில் அந்தப் பிள்ளை வேறு ஊரில் வேறு டாக்டரைப் பார்க்கும்போது அவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.